பின்வாசல் புல்தரையில் வெள்ளைக் காளான்: புற்றுக்காளானா, வேறா?

சுங்கை சிப்புட்டில், பழைய பால்மரத் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் (வீடமைப்புப் பகுதி) ஒன்றில் குடியிருக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். தீபாவளிக்கு முந்தின வாரம் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் பின்வாசல் புல்தரையில் வெள்ளைவெளேரென்று பத்துப் பன்னிரண்டு காளான்கள், சில சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மாமியார், "இது புத்துக்காளான்தான், நாங்க தின்னாததா?" என்று கத்தியை எடுத்துவிட்டார். கணவர் கைப்பேசியில் படம் பிடித்துத் தேட, மூன்று பெயர் வந்ததாம்: ஒன்று சாப்பிடலாம், ஒன்று நஞ்சு, ஒன்று ஐரோப்பாவில் இருப்பது. யார் பேச்சை நம்புவது, நாமே எப்படி அடையாளம் காண்பது என்பது கேள்வி.

முதலில் கத்தியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள் தங்கச்சி. இன்றைக்குக் காளான் குழம்பு வேண்டாம். ஆனால் பறித்ததைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதை வைத்து இன்று இரவு ஒரு வேலை இருக்கிறது.

நான் முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் ஃபீல்டு கண்டக்டராக, அதாவது வெளிவேலை மேற்பார்வையாளராக, இருந்தவன். செம்பனை மரத்தடியில் கணோடெர்மா என்கிற அழுகல் பூஞ்சை முளைத்திருக்கிறதா என்று நிரை நிரையாக நடந்து கணக்கெடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. வேலை முடிந்துபோனாலும் தரையைப் பார்த்து நடக்கிற பழக்கம் போகவில்லை. அதனால் ஒன்று சொல்வேன்: உங்கள் மாமியார் தவறானவர் இல்லை, இடம்தான் மாறிவிட்டது. தோட்டத்து ஆட்களுக்குக் காளான் தெரியும் என்பது உண்மை. ஆனால் அவர்களுக்குத் தெரிந்ததில் பாதி, எந்த இடத்தில் எது முளைக்கும் என்பது. புற்றடியில் முளைப்பது ஒன்று, செத்த பால்மரத்தில் முளைப்பது ஒன்று. லயத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு வந்ததும் அந்தப் பாதி கையை விட்டுப் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது "வெள்ளையாக, குடைபோல, பெரிதாக" என்கிற மற்றப் பாதி. அதை வைத்துக்கொண்டு சமைக்கப் போனால் ஆபத்து.

புற்றுக்காளானையே எடுத்துக்கொள்வோம். மலாய்க்காரர்கள் செண்டாவான் பூசுட் என்பார்கள். ஒருவகைக் கரையான்கள், தின்று கழித்த மரத்துகளைக் கொண்டு மண்ணுக்கடியில் கடற்பஞ்சு போல ஒரு கூடு கட்டி, அதில் பூஞ்சையை வளர்க்கின்றன. அவற்றுக்கு அது காய்கறித் தோட்டம் மாதிரி. மழைக்காலம் வந்ததும் அந்தப் பஞ்சிலிருந்து ஒரு தண்டு மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து குடை விரிக்கிறது. அதனால் கரையான் கூடு கீழே இல்லாத இடத்தில் இந்தக் காளான் முளைக்கவே முளைக்காது. என் அம்மா இதைப் பறிக்கும்போது இழுக்க மாட்டார். பால் வெட்டி முடித்துத் திரும்புகிற வழியில், குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சிறு கத்தியால் தண்டைச் சுற்றி மண்ணைக் கிளறுவார். தண்டு கீழே போகப் போக மெலிந்து, வேர் மாதிரி ஒரு வாலாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு சாண், சில சமயம் அதற்கு மேலும். அந்த வால் முழுதாக வந்தால்தான் அவருக்குத் திருப்தி. நாங்கள் அது ருசிக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது அவருடைய அடையாளச் சோதனை என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

சரி, புற்றுக்காளானுக்கு வேறு என்ன அடையாளம்? குடையின் நடுவில் ஆணிக்கொண்டை போல ஒரு கூர்ப்பு, அந்த இடம் மட்டும் நிறம் கறுத்திருக்கும். மேலே ஒட்டினாற்போலச் செதில்கள் இராது. தண்டில் பெரும்பாலும் வளையம் கிடையாது. இதே இனத்தில் விரல்நகம் அளவுக்குக் குட்டியாக, நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் பூத்துக் கிடக்கும் வகையும் உண்டு. கரையான்கள் பஞ்சுக்கூட்டின் துகள்களை வெளியே கொண்டுவந்து பரப்பிய இடத்தில் அது வரும்.

இப்போது உங்கள் புல்தரைக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன அளவு, நிறம், புல்லில் கூட்டமாக வந்தது எல்லாம் சேர்ந்து எனக்கு ஒரு பெயரைத்தான் நினைவூட்டுகிறது: குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். வெப்பநாடுகளின் புல்தரைகளில் மிகவும் சாதாரணமாக முளைப்பது. பள்ளித் திடல், கோயில் வளாகம், கால்பந்துத் திடலின் ஓரம் எங்கும் பார்க்கலாம். உலகில் காளான் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்பவர்களில் நிறையப் பேருக்குக் காரணமான காளானும் இதுதான். குஞ்சாக இருக்கும்போது ஐஸ்கிரீம் உருண்டையைக் குச்சியில் குத்தி வைத்தது போல இருக்கும். விரிந்தால் இருபது, முப்பது சென்டிமீட்டர் அகலம்கூட வரும். வெள்ளைக் குடையின் மேல் பழுப்புநிறச் செதில்கள், நடுவில் அடர்த்தியாக, ஓரத்துக்குப் போகப் போகச் சிதறலாக. தண்டில் ஒரு மோதிரம். பக்குவமாகத் தள்ளினால் மேலும் கீழும் நகரும். அடியில் தண்டு சற்றே உப்பியிருக்கும், வால் கிடையாது. வட்டமாகவோ அரைவட்டமாகவோ முளைக்கும் குணமும் இதற்கு உண்டு. மண்ணுக்கடியில் பூஞ்சை நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் பரவி, ஓரத்தில் மட்டும் குடை விடுவதால் வருகிற வட்டம் அது.

பார்க்க அழகு, மணமும் கெட்டதில்லை. இதுதான் சிக்கல். நானே தின்றிருக்கிறேன். லயத்து வீட்டைக் காலி செய்து தாமானுக்கு வந்த முதல் வருடம், திடலோரத்தில் ஒரு பை நிறையப் பறித்து வந்து, பூண்டும் மிளகும் போட்டு வதக்கிச் சாப்பிட்டோம். ஆறரைக்குச் சாப்பாடு, எட்டரைக்கு முதல் வாந்தி. பத்து மணிக்கு வீட்டில் இருந்த ஒரே கழிவறைக்கு நாலு பேர் வரிசை. மருத்துவமனைத் தாதி "மாக்கான் ஆப்பா?" (என்ன சாப்பிட்டீர்கள்?) என்று கேட்டபோது, "செண்டாவான்" என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பணியில் இருந்தவர் காளான் என்றதும் தலையை ஆட்டிவிட்டு மாத்திரை கொடுத்து அனுப்பப் பார்த்தார். என் மகள் மயங்கிச் சரிந்த பிறகுதான் சேலைன் ஏற்றினார்கள். மறுநாள் மாலைக்குள் எல்லோரும் தேறிவிட்டோம். இந்தக் காளான் வழக்கமாக ஆளைக் கொல்வதில்லை. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் தொடங்கி, உடம்பில் உள்ள நீரையெல்லாம் உறிஞ்சிவிடும். பெரியவர்கள் தாங்குவார்கள், குழந்தைக்கும் முதியவருக்கும் அது விளையாட்டில்லை.

இரவு செய்ய வேண்டிய வேலை இதுதான். நன்றாக விரிந்த, அழுகாத ஒரு காளானை எடுத்துக் குடைக்கு ஒட்டத் தண்டை வெட்டிவிடுங்கள். ஒரு வெள்ளைத் தாளையும் ஒரு கறுப்புத் தாளையும் பக்கம் பக்கமாக வைத்து, குடையின் மடிப்புகள் கீழே பார்க்கிற மாதிரி இரண்டு தாளிலும் பாதிப் பாதி படும்படி வையுங்கள். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு கிண்ணத்தை அதன்மேல் கவிழ்த்து மூடுங்கள். மின்விசிறிக் காற்று படக் கூடாது. பூனை, பேரப்பிள்ளைகள் கைக்கெட்டாத இடமாகப் பாருங்கள். காலையில் மூடியை எடுத்துக் குடையை நேராக மேலே தூக்கினால், மடிப்புகளின் அச்சு அப்படியே கோலம் போட்டது போலத் தாளில் விழுந்திருக்கும். அதுதான் அதன் வித்துத்தூள். தனித்தனி வித்து கண்ணுக்குத் தெரியாது, கோடிக்கணக்கில் விழுந்தால் நிறம் தெரியும். கறுப்புத் தாள் எதற்கு என்றால், வெள்ளைத் தூள் விழுந்தால் வெள்ளைத் தாளில் ஒன்றும் இல்லாதது போலத் தோன்றும்.

தூள் மங்கலான பச்சையாக, பாசி காய்ந்த நிறத்தில் இருந்தால் வழக்கு முடிந்தது. பச்சை வித்துத்தூள் போடும் குடைக்காளான் மிகமிக அபூர்வம், நம் புல்தரையில் அப்படிப் போடுவது குளோரோஃபில்லம்தான். பறித்த அன்றே மடிப்புகளைப் பார்த்து முடிவு செய்யலாமே என்று தோன்றும். கூடாது. இளசாக இருக்கும்போது மடிப்புகள் பால்வெள்ளைதான். முற்றிய பிறகே சாம்பல்பச்சை ஏறும். எங்களை ஏமாற்றியது அந்த வெள்ளைதான். இளசு நல்லது என்று குஞ்சாகப் பார்த்துப் பறித்தோம்.

வெளிர் இளஞ்சிவப்பாகத் தூள் விழுந்தால் அது புற்றுக்காளானுக்கு ஒத்துப்போகிறது. உடனே அடுப்பைப் பற்றவைத்துவிடாதீர்கள், என்டோலோமா என்கிற வேறொரு இனமும் இளஞ்சிவப்புத் தூள் போடும், அதில் நஞ்சுள்ளவை இருக்கின்றன. தூளோடு வாலும் புற்றும் கொண்டையும் ஒத்துவர வேண்டும். ஒரு அடையாளம் பொருந்தினால் போதாது, ஒரு அடையாளம் பொருந்தாவிட்டால் விட்டுவிடப் போதும்.

தூள் வெள்ளை என்றால் நான் இரண்டடி பின்னால் நகர்ந்துவிடுவேன். அமனிட்டா இனம் வெள்ளைத் தூள் போடும். அந்த இனத்தின் சில வகைகளில் உள்ள அமடாக்சின் நஞ்சு கல்லீரலைத் தின்றுவிடும். கொதிக்க வைத்தாலும், காயவைத்தாலும், புளி கரைத்து ஊற்றினாலும் அது அழிவதில்லை. அமனிட்டாவெல்லாம் குளிர்நாட்டுக் காளான் என்று ஒரு நினைப்பு உண்டு. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் உதவி இயக்குநராக இருந்த கார்னர் என்பவர், பாஸ் என்பவரோடு சேர்ந்து சிங்கப்பூரிலும் மலாயாவிலும் உள்ள அமனிட்டாக்களைத் தனியாகவே வகைப்படுத்தி 1962-ல் வெளியிட்டார். தென்னை மரம் ஏறும் குரங்குகளைப் பழக்கிக் காட்டு மரங்களின் உச்சியிலிருந்து கிளை பறிக்க வைத்த மனிதர், சும்மா எழுதியிருக்க மாட்டார். புல்தரையில் முளைக்கும் சிறிய லெப்பியோட்டா வகைகள் சிலவற்றிலும் இதே நஞ்சு உண்டு.

நம்மைப் போன்ற ஆசியக்காரர்களுக்கு இதில் ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. ஆலையில் பழம் உதிர்த்த பிறகு மிஞ்சும் செம்பனை வெற்றுக்குலைகளைக் குவித்து வைத்தால், அதில் முட்டை முட்டையாக ஒரு காளான் முளைக்கும். செண்டாவான் சாவிட் என்பார்கள். வைக்கோல் காளானும் அதுவும் ஒன்றே. அடியில் கிண்ணம் மாதிரி ஒரு உறை இருக்கும், அதைக் கிழித்துக்கொண்டு குடை வரும். அமனிட்டாவுக்கும் அதே முட்டை, அதே கிண்ணம். 2011 கடைசி நாள் இரவு ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் அமனிட்டாவின் மிகக் கொடிய வகையைச் சமைத்துச் சாப்பிட்டவர்களில் இருவர் சில நாட்களில் இறந்துபோனார்கள். அங்கும் அமெரிக்காவிலும் இப்படி மாட்டிக்கொள்பவர்களில் வைக்கோல் காளான் தின்று பழகிய ஆசியர்கள் நிறைய. ஊரில் தெரிந்த காளான் என்று கை நீண்டுவிடுகிறது. உங்கள் மாமியார் கத்தியை எடுத்த அதே கதைதான், ஊர் மட்டும் வேறு. வித்தியாசம் சொல்ல வேண்டுமானால், வைக்கோல் காளான் விரிந்ததும் மடிப்புகள் இளஞ்சிவப்பாகும், தண்டில் மோதிரம் இருக்காது. அமனிட்டாவின் மடிப்பு பெரும்பாலும் வெள்ளையாகவே நிற்கும், பல வகைகளுக்கு மோதிரமும் உண்டு. முட்டைப் பருவத்தில் இது எதுவும் தெரியாது. மரத்துக்குப் பக்கத்தில் வெறும் மண்ணில் முட்டை வந்தால் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. குலைக்குவியலில் வந்தாலும், அங்கே களைமருந்து அடித்திருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டிமார் சொல்லும் சோதனைகள் ஒன்றும் உதவாது. வெள்ளிக்கரண்டி கறுத்தால் விஷம், பூண்டு நிறம் மாறினால் விஷம், அரிசி சிவந்தால் விஷம், நத்தையும் எறும்பும் தின்றால் நல்லது, பளிச்சென்ற நிறம் என்றால் கெட்டது. இதையெல்லாம் தாண்டிப் போகும் நஞ்சுக்காளான்கள் உண்டு. அமடாக்சின் உள்ள காளானை நத்தை ஒன்றும் ஆகாமல் மேய்ந்துவிட்டுப் போகும், நமக்கு அந்த வயிறு இல்லை. எங்கள் வீட்டில் அன்று பூண்டு போட்டுத்தான் வதக்கினோம், வெள்ளையாகவே இருந்தது. கைப்பேசிச் செயலி இந்தப் பாட்டிகளைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான். பெயரை ஊகிக்க உதவும். ஆனால் உங்கள் கணவர் மேலிருந்து மட்டும் படம் எடுத்திருப்பார். மடிப்பு, மோதிரம், தோண்டி எடுத்த அடித்தண்டு, முளைத்த இடம் எல்லாம் இருந்தால்தான் அதற்கும் ஏதாவது புரியும்.

வீட்டுத் தோட்டத்தில் வேறு எது வந்தாலும் பயப்பட வேண்டாம். பூந்தொட்டியில் எலுமிச்சை மஞ்சளாக, மென்மையாக முளைப்பது தொட்டி மண்ணோடு வந்தது. செடிக்குக் கெடுதல் இல்லை, தின்றால் வயிறு கெடும். காலையில் சாம்பல்நிறத் தொப்பியாக நின்று மத்தியானத்துக்குள் கறுப்பு மையாக உருகுவது மைக்காளான். அதன் உறவுக்காரர் சிலரிடம் கொப்ரின் என்று ஒரு பொருள் உண்டு. அதைத் தின்று இரண்டு நாள் கழித்துக் கள் குடித்தாலும் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். குடியை நிறுத்த நல்ல வழி என்று யாராவது தொடங்கிவிடாதீர்கள். வெள்ளை வலைப்பாவாடை கட்டிக்கொண்டு பிணநாற்றம் அடிப்பது, ஈக்களைக் கூப்பிட்டுத் தன் வித்தைப் பரப்பும் காளான். மூங்கில் புதர் அருகே வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள், அவ்வளவு அழகு.

மரத்தில் வருவது வேறு கதை. உயிரோடு நிற்கிற மரத்தின் அடியில், தட்டு தட்டாகக் கெட்டியாகப் பூஞ்சை ஒட்டியிருந்தால் அதைச் சாப்பிடலாமா என்று கேட்காதீர்கள், மரம் விழுமா என்று கேளுங்கள். செம்பனையில் கணோடெர்மாத் தட்டு வெளியே தெரியும்போது உள்ளே அடித்தண்டு பாதிக்குமேல் மக்கிப்போயிருக்கும். காலை பெரட்டு (ஆள்கணக்கெடுப்பு) முடிந்து நாங்கள் நடந்து நடந்து சிவப்புச் சாயம் பூசிய மரங்கள் சில, அடுத்த காற்றுமழையில் தானாகச் சாய்ந்துவிடும். பழைய பால்மர நிலத்தில் வெள்ளைவேர் நோய்ப் பூஞ்சையும் புதைந்த வேர்களில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உங்கள் வீட்டு மரவள்ளியோ பலாவோ காரணமில்லாமல் வாடினால், அடிவேரில் வெள்ளை நூல் படர்ந்திருக்கிறதா என்று கிளறிப் பாருங்கள்.

உங்கள் புல்தரையில் ஏன் வந்தது என்பதற்கும் ஏறக்குறைய அதே காரணம்தான். மண்ணுக்கடியில் மக்கும் பொருள் நிறைய இருக்கிறது, அது மழைக்குக் காத்திருந்தது. மருந்து அடித்துப் பயனில்லை, உண்மையான உடம்பு கீழே நூலாகப் பரவிக் கிடக்கிறது. பிள்ளைகளும் நாயும் உள்ள வீடென்றால், குடை விரியுமுன் தினமும் காலையில் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுங்கள். கையால் தொட்டால் விஷம் ஏறாது, பிறகு கையைக் கழுவினால் போதும்.

யாராவது ஏற்கனவே வாயில் போட்டுவிட்டால், விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மோரும் இளநீரும் கொடுத்து வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். மிச்சமிருக்கும் காளானைக் காகிதப்பையில் எடுத்துக்கொண்டு, எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று குறித்துக்கொண்டு, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது, மருத்துவர்கள் அங்கே கேட்டுக்கொள்ள முடியும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சீக்கிரம் வரும் வாந்தியைவிட, ஆறு மணி நேரத்துக்குப் பிறகு மெதுவாக வரும் வாந்தி மோசமானது. அமடாக்சின் அப்படித்தான் வரும். மறுநாள் கொஞ்சம் தேறினாற்போலவும் காட்டும், அந்த நேரத்தில் கல்லீரல் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். தேறிவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பி வந்துவிடக் கூடாது.

மாமியாரின் ஆசைக்கு ஒரு வழி சொல்கிறேன். பாசார் தானியில் (விவசாயிகள் சந்தையில்) குலாட் சிசிர் என்கிற காளான் கிடைக்கும். செத்த பால்மரக் கட்டையில் சாம்பல்வெள்ளை விசிறியாக, சீப்புப் பல் போன்ற மடிப்புகளோடு முளைப்பதை அவர் பார்த்ததும் கண்டுகொள்வார். வெந்நீரில் கழுவிப் பிழிந்து, தேங்காய்ப்பாலும் மஞ்சளும் சில்லி பாடி மிளகாயும் நெத்திலியும் போட்டு அவர் கையாலேயே சமைக்கட்டும். இரவு கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, காலையில் தாளில் என்ன நிறம் விழுந்தது என்று எனக்குச் சொல்லுங்கள். பச்சை என்றுதான் நினைக்கிறேன்.